நிலைக்காந்தத்தின் இருவகை வலிமை

ஒரு காந்தம் வலியதா, மெலியதா என்னும் வினாவுக்கு ஒற்றை எண்ணால் விடை கூறிவிட இயலாது. காந்தமாக்கிய புலத்தை முற்றும் விலக்கிய பின்னும் பொருளில் தங்கிநிற்கும் காந்தத்தின் அளவு காந்தத் தேக்குத்திறன் எனப்படும். அவ்வாறு தங்கியதை அறவே போக்க எதிர்த்திசையில் செலுத்தவேண்டிய புலத்தின் அளவோ காந்த நீக்குத்திறன். டோக்கியோவில் பேராசிரியராக விளங்கிய ஜேம்சு ஆல்பிரட் ஈவிங் ஆராய்ந்த காந்தத் தயக்கக் கண்ணியில், அதாவது புலத்தை ஏற்றி இறக்கும்போது பொருளின் காந்தம் மாறுவதைக் காட்டும் மூடிய வளைகோட்டில், இவையிரண்டும் வெவ்வேறு அச்சுகளைக் கண்ணி வெட்டும் புள்ளிகளாகும்.

இவற்றுள் இரண்டாவதன் இன்றியமையாமை பலர் கருத்தில் பதிவதில்லை. காந்தத்தைக் குலைக்கப் புறப்பகை வேண்டுவதில்லை. அதன் முனைகளே அதன் உடலுக்குள் எதிர்ப்புலம் ஒன்றை விளைவிக்கின்றன. காந்தம் குட்டையாயின் அப்புலம் மிகும்; நீளமாயின் குறையும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிக்கோ ஏறத்தாழ 1.2 டெசுலா அளவு காந்தத்தைத் தேக்கவல்லது. ஆயினும் அதன் நீக்குத்திறன் சிறிது. ஆதலின் அதனை நீண்ட சட்டமாகவோ, வளைத்த லாடமாகவோ வார்த்தனர். பள்ளி ஆய்வகப் பெட்டியைத் திறந்து நோக்குக: இரு சட்டகாந்தங்கள் எதிரெதிர் முனைகள் அடுத்திருக்குமாறு கிடக்கும், இடையே மரத்துண்டு, இருபுறமும் முனைகளை இணைக்கும் மென்னிரும்புத் துண்டுகள். அவ்விரும்பு காந்தப் பாயத்துக்கு வழி தந்து எதிர்ப்புலத்தைத் தணிக்கிறது. அத்துண்டுகளைத் தொலைத்துவிடுவது காந்தத்தையே மெல்ல இழப்பதாகும்.

ஃபெரைட் காந்தம் தேக்குவது 0.4 டெசுலா அளவே. நீக்குத்திறனோ அல்நிக்கோவினும் பன்மடங்கு. ஒலிபெருக்கியின் பின்புறம் தட்டை வளையமாக அது நிலைத்திருப்பது அதனாலேயே.

இரு பண்புகளும் ஒருங்கே உயர்ந்தது, 1980களில் ஜப்பானில் மசாட்டோ சாகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே உருவாக்கிய நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தத்தில். காந்தப் பாயச் செறிவையும் எதிர்ப்புலத்தையும் பெருக்கிக் காணும் பெரும ஆற்றல் பெருக்கம், அல்நிக்கோவுக்குக் கன மீட்டருக்கு 40 கிலோஜூல் அளவினதாக, இதற்கு 200 முதல் 400 வரை எட்டுகிறது.

எனினும் வெப்பம் அதன் பகை. காந்த ஒழுங்கு முற்றும் சிதையும் கியூரி வெப்பநிலை இரும்புக்கு 770 பாகை செல்சியசு. இக்காந்தத்துக்கு 310 அளவே. பொதுவகைகள் 80 பாகையைக் கடந்தாலே மீளா இழப்புக்கு உள்ளாகலாம். மின்னூர்தி இயக்கிகளின் வெப்பத்தைத் தாங்க டிசுபுரோசியம் என்னும் தனிமத்தைச் சேர்க்கின்றனர், நீக்குத்திறன் ஏறுகிறது. ஆனால் டிசுபுரோசிய அணுக்களின் காந்தத் திருப்புத்திறன் இரும்பினதற்கு எதிர்த்திசையில் அமைவதால், தேக்குத்திறன் இறங்குகிறது.