சிப்பாயின் வீட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் பாடமே முதல் உலகப்போர். கூட்டணிகள், சரயேவோ, வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை என்று நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "சார், செத்துப்போன சிப்பாய் வீட்டுக்கு மாசாமாசம் யார் பணம் கொடுத்தாங்க?" பாடநூலில் இதற்கு விடை இல்லை. மறுநாள் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே நான் படித்து வைத்திருந்த கனடா நாட்டு மோஹாக் வீரர்களின் கதையைத் தயார் செய்துகொண்டு போனேன்.

மோஹாக் மக்கள் வட அமெரிக்காவின் பூர்வகுடிகள். ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா மக்களோடு சேர்ந்து 'ஆறு தேசங்கள்' என்ற கூட்டமைப்பில் இருப்பவர்கள். அமெரிக்க விடுதலைப் போரில் இவர்களில் பலர் ஜோசப் பிராண்ட் என்ற மோஹாக் தலைவரின் கீழ் ஆங்கிலேயர் பக்கம் நின்று, சொந்த மண்ணை இழந்தார்கள். அதற்கு ஈடாக 1784இல் இன்றைய ஒன்டாரியோ மாநிலத்தின் கிராண்ட் ஆற்றங்கரையில் நிலம் கிடைத்தது. தாங்கள் பிரிட்டிஷ் அரசரின் குடிமக்கள் அல்லர், நட்பு நாட்டவர் என்பதே அவர்கள் எண்ணம்.

கனடா அரசின் எண்ணம் வேறு. 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டம் அவர்களை அரசின் பாதுகாப்பில் உள்ள மைனர்களைப் போல வைத்திருந்தது. (இங்கே 'இந்தியர்' என்பது நாம் அல்ல, அந்நாட்டுப் பூர்வகுடிகள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்து, கால் மணி நேரம் குழப்பத்தில் போனது.)

1914இல் போர் வந்ததும் கனடா முழுவதுமாக 4,000க்கும் மேற்பட்ட பூர்வகுடி ஆண்கள் படையில் சேர்ந்தார்கள். கிராண்ட் ஆற்றங்கரையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 300 பேர். ஜோசப் பிராண்டின் வழிவந்த லெப்டினன்ட் கேமரூன் பிராண்ட், 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் உயிரிழந்தார். இவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 1917இல் வந்தது; பூர்வகுடிகளுக்கு அதிலிருந்து 1918 ஜனவரியில் விலக்கு அளிக்கப்பட்டது.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். கனடா படையில் ஒரு சாதாரணச் சிப்பாயின் தினச் சம்பளம் 1 டாலர் 10 சென்ட். அதில் ஒரு பகுதியை அவர் மனைவிக்கு எழுதி வைக்கலாம். பிரிந்திருக்கும் காலத்துக்கான படியாக அரசு மாதம் 20 டாலர் சேர்த்துக் கொடுத்தது. கணவர் இறந்தால் ஓய்வூதியம் உண்டு. ஆனால் மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். நடத்தை சரியில்லை என்று புகார் வந்தாலும் நிறுத்தலாம். இது வெள்ளைக்காரக் கைம்பெண்களுக்கும் இருந்த விதிதான். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகளுக்குப் பாதிக் கதையே போய்ச்சேரும்.

மோஹாக் பெண்ணுக்கு அதற்கு மேலும் ஒரு கதவு இருந்தது. பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகளில் 'இந்தியன் ஏஜென்ட்' என்ற அதிகாரியே அரசின் முகம். விண்ணப்பம், விசாரணை, பரிந்துரை எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. கணவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய நிலத்தில் மனைவிக்குப் பங்கு கிடைக்க அவள் 'நல்லொழுக்கம் உள்ளவள்' என்று இந்தியர் துறை கருத வேண்டும். 1884இல் சட்டத்திலேயே அப்படி எழுதியிருந்தார்கள். போருக்குப் போன கணவரின் ஒழுக்கத்தை யாரும் கேட்டதில்லை.

உயிரோடு திரும்பியவர்களின் வீடுகளும் தப்பவில்லை. 1930களின் தொடக்கத்தில், ஒதுக்கீட்டு நிலத்தில் வாழும் முன்னாள் வீரர்கள் வறுமையில் வாடினால் அவர்களை முன்னாள் வீரர்களாக அல்ல, மற்ற 'இந்தியர்'களைப் போலவே நடத்த வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. மற்ற வீரர்களுக்குக் கிடைத்த உதவித்தொகை இவர்களுக்கு இல்லை. 1936இல்தான் அந்த முடிவு கைவிடப்பட்டது.

இரண்டாம் உலகப்போரிலும் 3,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். வீரர்களின் மனைவியருக்கான படி பல இடங்களில் ஏஜென்ட் வழியாகவே போனது. அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு போதும், எவ்வளவைச் சேமிப்பில் போட வேண்டும் என்பதில் அவர் சொல்லே எடுபட்டது. திரும்பி வந்த மற்ற வீரர்கள் நிலம் வாங்க 6,000 டாலர் வரை கடன் பெறலாம்; அதில் 2,320 டாலரைத் திருப்பித் தர வேண்டாம். ஒதுக்கீட்டு நிலத்தில் குடியேறிய பூர்வகுடி வீரருக்கு அந்த 2,320 டாலர் மானியம் மட்டும்தான். அதுவும் அவர் கைக்கு வராது. துறையின் கையில் இருந்து செலவழிக்கப்படும்.

இந்த இடத்தில் கரும்பலகையில் ஒரு படம் வரைந்தேன். மேலே அரசு, கீழே ஒரு பெண், நடுவில் ஏஜென்ட். "அவர் மேல புகார் சொல்லணும்னா யார்கிட்ட சொல்றது சார்?" என்றான் ஒருவன். அந்த ஏஜென்டின் துறையிடம்தான் என்றேன். ஓட்டுப் போட்டு அரசை மாற்றவும் வழியில்லை. கனடாவில் ஒதுக்கீட்டு நிலங்களில் வாழ்ந்த பூர்வகுடிகள் அனைவருக்கும், தங்கள் சட்டப்படியான அடையாளத்தை விட்டுக்கொடுக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1960இல்தான் வந்தது.

2002இல் கனடா அரசு, அப்போது உயிரோடிருந்த பூர்வகுடி முன்னாள் வீரர்களுக்கும் கணவரை இழந்த மனைவியருக்கும் ஆளுக்கு 20,000 டாலர் வரை தர முன்வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்பே இறந்துபோனவர்களின் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

வகுப்பில் இதை எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அப்பாவை இழந்த பிள்ளைகள் நம் வகுப்பில் இருப்பார்கள். 'உன் வீட்டில் எப்படி' என்று கேட்டுவிடாதீர்கள். நான் எழுதச் சொன்னது ஒரு கடிதம்: ஏஜென்டுக்கு ஒரு வீரரின் மனைவி எழுதுவதாக. பெரும்பாலோர் 'கருணை கூர்ந்து' என்று தொடங்கியிருந்தார்கள். கேள்வி கேட்ட அந்த மாணவி, நாள் ஒன்றுக்கு 1 டாலர் 10 சென்ட் என்று கணக்குப் போட்டு, கணவர் படையில் இருந்த நாட்களால் பெருக்கி, வர வேண்டிய தொகையை அடிக்கோடிட்டிருந்தாள். கருணை என்ற சொல் அதில் இல்லை. இரண்டு பாடவேளை ஆகிவிட்டது. வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையை அடுத்த வாரம்தான் முடித்தேன்.