உடல் எடையும் இருதயத்தின் உழைப்பும்

இருதயம் ஒரு நிமிஷத்தில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு, இரண்டு எண்களின் பெருக்கற்பலனாகும். ஒரு துடிப்பில் வெளிவருவது சுமார் 70 மில்லிலிட்டர். ஓய்விலிருப்பவரின் இருதயம் நிமிஷத்திற்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஆகவே, வளர்ந்த ஒருவரின் இருதயம் நிமிஷந்தோறும் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது.

உடல் பெரிதாயின் இவ்வளவும் பெரிதாகும். ஆதலின் மருத்துவர்கள் இதனை உடலின் மேற்பரப்பால் வகுத்து, சதுர மீட்டருக்கு 2.5 முதல் 4 லிட்டர் வரை இருப்பின் இயல்பெனக் கொள்வர். மேற்பரப்போ உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கப்படுவது. எடைக்கருவி தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டுவதில்லை என்பதே இதிலுள்ள சிக்கல்.

புனே கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் தம் உடல்களையே இதற்குச் சான்றாக வைத்தனர். உயரத்திற்கேற்ற எடையைக் குறிக்கும் குறியெண் இருவருக்கும் 22.3 தான். ஆயினும் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிற்கு 21.2 சதவீதம். (யுட்கின் நெடுந்தூர ஓட்டக்காரர் என்பதையும் கருத வேண்டும்.) எண் ஒன்றே போதும் என்னும் எண்ணம் படிவங்களை நிரப்புவதற்கு வசதியானது, இருதயத்தை அறிவதற்குப் போதாது.

சுமார் 300 கிராம் எடையுள்ள இரு சிறுநீரகங்களும் நிமிஷத்திற்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் இரத்தம் பெறுகின்றன. ஒரு கிலோ கொழுப்போ ஓய்வில் 20 முதல் 30 மில்லிலிட்டரே பெறும். எனினும் 10 கிலோ கொழுப்பு கூடினால், கால் லிட்டர் அளவுக்கு இரத்தத்தை இருதயம் இரவும் பகலும் மிகுதியாகச் செலுத்த வேண்டியதாகும். பல ஆண்டுகள் இந்நிலை நீடிப்பின் இருதய அறை விரிந்து, அதன் சுவரும் தடிக்கக்கூடும்.

இவ்வேறுபாடு கருவிலேயே தொடங்குகிறது. புனேக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் 1993-இல் தொடங்கிய ஆய்வில், குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரில் சுமார் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளின் தசையும் வயிற்றுறுப்புகளும் சிறுத்திருந்தன. முதுகுப்புறத் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை.

எடையைச் சாராத காரணங்களும் உள. கர்ப்ப காலத்தில் இருதயம் வெளியேற்றும் அளவு 30 முதல் 50 சதவீதம் வரை உயரும். இரத்தசோகையும் சேர்ந்தால், அதே பிராணவாயுவைக் கொண்டு சேர்க்க இன்னும் மிகுதியான இரத்தம் ஓட வேண்டும். எனவே 45 கிலோ எடையுள்ள கர்ப்பிணியின் இருதயம், ஓய்விலும் பருமனான ஆடவரின் இருதயத்தினும் மிகுதியாக உழைக்கக்கூடும். களப்பணியாளர் எடையுடன் ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

உடலின் நிலையும் இவ்வளவை மாற்றுவதாகும். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். மாணவன் ஐந்து நிமிஷம் படுத்திருந்தபின் அவனுடைய நாடியை எண்ணுக. எழுந்து நின்றதும் மீண்டும் எண்ணுக. நிற்கும்போது இரத்தத்தின் ஒரு பகுதி கால்களில் தங்குவதால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளிவரும் அளவு குறைகிறது. அக்குறையை ஓரளவு ஈடுசெய்யவே நாடி விரைகிறது.