கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போமா?

சம்பளம் வந்துவிட்டால் இலங்கை மலையகத்துக் கொஸ்லந்த டவுனில் ஏ.டி.எம். வாசலில் வரிசை நீண்டுவிடும். மலையிலிருந்து இறங்கி வந்த அம்மாமார் சிலரின் கைப்பையில் கார்டும் இருக்கும், பின் நம்பர் எழுதிய தாளும் அதோடு சுற்றி இருக்கும். "தம்பி, இத எடுத்துக் குடுத்துட்டுப் போப்பா" என்று பின்னால் நிற்கும் பையனிடம் இரண்டையும் சேர்த்தே நீட்டுவார்கள். இது அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. சொன்னால் அசந்துபோவார்கள். நான் அசந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்!

முதலில் அந்தப் பொத்தான் பலகையைப் பாருங்கள். அது வெறும் பொத்தான் இல்லை, தனியாக ஒரு குட்டிக் கணினி. நீங்கள் நான்கு எண்ணை அழுத்தியதுமே அந்தப் பலகைக்குள்ளேயே உங்கள் எண் உருமாற்றப்படுகிறது. வெளியே வருவது யார் பார்த்தாலும் தலைகால் புரியாத ஒரு குறிக்கோவை. யாராவது பலகையை நெம்பித் திறக்கப் பார்த்தால்? தன்னிடம் இருக்கும் இரகசியச் சாவியை அது தானே அழித்துவிடும்! திருடனுக்கு மிஞ்சுவது ஒரு இரும்புத் துண்டுதான்.

இன்னும் உள்ளே போவோம். வங்கியின் கணினி அறையில் இதற்கென்றே ஒரு பூட்டிய கருவி இருக்கிறது. எண் சரியா என்று பார்ப்பது அதுதான். சரி அல்லது பிழை, இந்த ஒரு பதிலைத்தான் அது வெளியே சொல்லும். அதை இயக்கும் தலைமைச் சாவியை ஒருவர் கையில் கொடுப்பதே இல்லை. துண்டு துண்டாகப் பிரித்து, தனித்தனி அதிகாரிகளிடம் ஒவ்வொரு துண்டாகக் கொடுக்கிறார்கள். அவரவர் வந்து அவரவர் துண்டைப் பதிந்தால்தான் முழுச்சாவி உருவாகும். முழுச்சாவியைப் பார்த்த மனிதர் ஒருவர்கூட இல்லை! ஆக, கிளை முகாமையாளர் நினைத்தாலும் உங்கள் பின் நம்பரைப் பார்க்க முடியாது.

இந்தக் கடைசி வரியை மட்டும் தமிழில் பெரிய எழுத்தில் ஏ.டி.எம். கதவில் ஒட்டினால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. "பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற கட்டளையை நாம் எல்லோரும் கேட்டுவிட்டோம். காரணம்தான் கேட்கவில்லை. "எங்களுக்கே தெரியாது, எங்களுக்குத் தேவையும் இல்லை. ஆகவே கேட்கிறவர் எங்கள் ஆள் இல்லை" என்று வங்கி சொல்லிவிட்டால், போனில் வரும் மோசடிக்காரனை எழுபது வயது அம்மாயியும் பிடித்துவிடுவார்.

கவுண்டரில் இருப்பவரிடமும் ஒரு இரகசியம் உண்டு. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி, வங்கி ஊழியர் ஒவ்வொருவரும் வேலையில் சேரும்போதே வாடிக்கையாளர் கணக்கு விவரத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். எவ்வளவு அழகான விஷயம்! தங்கள் பேரிலான கடனைச் சொல்லும் 'துண்டு' கங்காணியின் கையிலும் தோட்டத்தின் கையிலும் போய்வர, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமல் நின்ற தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. எங்கள் கணக்குக்காக ஒருவர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றால், அது எங்கள் கண்ணில் படவேண்டாமா? கோப்புக்குள் கிடக்கும் அந்த உறுதிமொழியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

வங்கியை விட்டு வெளியே வந்தால் கதை வேறு. சிம் வாங்க அடையாள அட்டைக் கொப்பி. கடனுக்குக் கொப்பி. எல்லாவற்றுக்கும் கொப்பி. பழைய அடையாள அட்டை இலக்கம் எப்படிக் கட்டப்பட்டது தெரியுமா? முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். 1968 ஜனவரி 14 அன்று பிறந்த அம்மாவின் இலக்கம் 68514 என்றுதான் தொடங்கும். பிறந்த ஆண்டையே பின் நம்பராக வைத்திருப்பவர், கொப்பி எடுக்கும் ஒவ்வொரு கடையிலும் அதைக் கொடுத்துவிட்டு வருகிறார்! தெளிவில்லாமல் விழுந்த கொப்பி எங்கே போகிறது? வடை சுற்றிய தாளில் யாரோ ஒருவரின் பெயரும் விலாசமும் பார்க்காதவர்கள் நம் ஊரில் குறைவு.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. உங்கள் விவரத்தை எதற்காக வாங்குகிறோம், யாரிடம் கொடுப்போம் என்று உங்களுக்கு விளங்கும்படி சொல்வது நிறுவனத்தின் கடமை என்கிறது அது. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம். நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போனது உண்மை. நல்ல வியாபாரி அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

தவறு நடந்தாலும் அதையும் தெளிவாகச் சொல்லலாம். 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் இணையச் சேமிப்பகத்தை இணையத் தாக்குதல்காரர்கள் முடக்கினார்கள். அப்போது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன, அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி இல்லை என்று திகதியோடு சொல்லப்பட்டது. கசப்பான செய்திதான். ஆனால் எது போனது, எது போகவில்லை என்று கேட்பவருக்குத் தெரிந்தது. "உங்கள் பாதுகாப்பே எங்கள் முதன்மை" என்ற வாசகத்தில் இந்தத் தெளிவு கிடையாது.

தாளில் எழுதி வைப்பதற்கும் ஆளுக்கு விளங்கவைப்பதற்கும் உள்ள தூரம் கொஸ்லந்தைக்குத் தெரியும். இங்குள்ள மீரியபெத்த தோட்டம் மண்சரிவு ஆபத்துள்ள இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்தபோது மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். உயிரிழப்பையும் கணக்கு விவரத்தையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் இடம்தராது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய மொழியில் சொல்லும் கடமை இரண்டிலும் ஒன்றே.

ஆகவே கடைக்கார அண்ணன்மாரே, ஒரு மட்டையில் மூன்று வரி தமிழில் எழுதி மாட்டுங்கள். இந்தக் கொப்பி எதற்கு, எங்கே வைப்போம், எப்போது கிழிப்போம். பழுதான கொப்பியை வாடிக்கையாளர் கண்முன்னே கிழித்துப் போடுங்கள். நீளமான அறிக்கை எதுவும் அதற்கு ஈடாகாது. வங்கிக்காரர்களே, சம்பள நாள் வரிசையில் வந்து நின்று பத்து நிமிடம் அந்தப் பொத்தான் பலகையின் கதையைச் சொல்லுங்கள்.

அம்மாமாரே, அடுத்த தடவை அடையாள அட்டையை நீட்டுவதற்கு முன் "இத வச்சி என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.