இயந்திரத்தின் மூச்சு – 9: குதிக்கிறதா, கனக்கிறதா?

சென்ற வாரம் காலையில் கிளம்ப மறுக்கும் வண்டியைப் பற்றி எழுதியிருந்தேன். இன்று எடுத்துக்கொள்வது அதைவிடச் சூக்ஷ்மமான வியாதி. வண்டி சாவியைத் திருப்பியதும் கிளம்பும். நின்ற இடத்தில் ஒரே சீராக ஓடும். கடைத்தெரு நெரிசலில் குறை சொல்ல இடமில்லாதபடி நடந்துகொள்ளும். ஆனால் ஊர் எல்லையைத் தாண்டி, பாதை விரிந்து, நாம் உற்சாகத்தோடு ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் எத்தனை மிதித்தாலும் ஏறாது.

இதன் மூலம் காலக் கணக்கில் இருக்கிறது. நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றும் நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு தீப்பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே 37.5 மில்லி வினாடி அவகாசம் உண்டு. 4,000 சுற்றில் அது 7.5 மில்லி வினாடியாகச் சுருங்கிவிடுகிறது. ஒன்றரை லிட்டர் என்ஜின் ஒன்று ஒவ்வொரு முறையும் நிரம்ப மூச்சிழுக்குமானால், 800 சுற்றில் நிமிஷத்துக்கு 600 லிட்டரும் 4,000 சுற்றில் 3,000 லிட்டரும் காற்று அதனுள் போயாக வேண்டும். அத்தனையும் எரிந்து, சூட்டில் இரண்டு மூன்று மடங்காக விரிந்து, பின்பக்கக் குழாய் வழியே வெளியேறவும் வேண்டும். ஆகையால், மெதுவான ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதுகின்ற பெட்ரோல் குழாயோ, காயிலோ, புகைப் பாதையோ, வேகத்தில் பற்றாமல் போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு என் பழைய காருக்கே இந்த வியாதி வந்தது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்தாவதைத் தாண்டுவதற்குள் வண்டி முதல் கியருக்கு இறங்கிவிட்டது. பட்டறை ஒன்றில் விட்டேன். பிளக்குகளை மாற்றினார்கள், பாயிண்டையும் கண்டென்சரையும் மாற்றினார்கள், கார்ப்பரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை ஊதினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பில் வந்தது. வண்டி இருந்தபடியே இருந்தது. காரணத்தை அறியாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போவதை வைத்தியம் என்று என் மனம் இன்றுவரை ஒப்பவில்லை.

பிறகு ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. என்னை உட்காரச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“வண்டி குதிக்குதுங்களா, கனக்குதுங்களா?”

“கனக்குதுங்க ஐயா. யாரோ பின்னால பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு.”

“அப்போ கரண்டையும் பெட்ரோலையும் அப்புறம் பார்க்கலாங்க. புகை போகுதான்னு முதல்ல பார்ப்போம்.”

அந்தக் கேள்விக்குள் எவ்வளவு அனுபவம் அடங்கியிருந்தது என்பதை அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். தீப்பொறி தவறினால் வண்டி வெட்டி வெட்டிக் குதிக்கும். பெட்ரோல் பற்றாவிட்டால் சிறிது தூரம் நன்றாக ஓடி, கார்ப்பரேட்டர் தொட்டியில் இருந்தது தீர்ந்ததும் துவண்டு, காலை எடுத்ததும் மறுபடி உயிர் பெறும். துவளும் சமயத்தில் சோக்கைச் சற்றே இழுத்தால் தெளிந்துவிடுமானால் சந்தேகமே வேண்டாம். புகைப் பாதை அடைபட்ட வண்டியோ குதிக்காது, விக்காது. கிரமமாகவே சக்தி குன்றிக்கொண்டு வரும். டெல்கோ என்கிற டிஸ்ட்ரிபியூட்டரினுள் இருக்கும் எடைகள் துருப்பிடித்து, வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்தள்ளாமல் போனாலும் வண்டி கனக்கும் என்பது வாஸ்தவம். அதனால்தான் அவர் அனுமானத்தோடு நிற்காமல் பரீக்ஷைக்கும் இறங்கினார்.

இன்டேக் குழாயில் ஒரு வாக்குவம் கேஜைச் செருகினார். சும்மா ஓடும்போது முள் 18 அங்குலத்தில் அசையாமல் நின்றது. என்ஜினை 2,500 சுற்றுக்கு ஏற்றி அங்கேயே பிடித்துக்கொண்டார். முள் முதலில் சற்று உயர்ந்து, பிறகு யாரோ மெல்ல அழுத்துவதுபோல் 15, 12, 9 என்று இறங்கியது. வெளியேற வழியில்லாத புகை சிலிண்டருக்குள்ளேயே தங்கி, புதுக் காற்று வரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதன் அடையாளம் அது. உடனே வண்டிக்கு அடியில் புகுந்து மேனிபோல்டுக்குக் கீழே குழாயின் நட்டுகளைத் தளர்த்தி, மறுபடி ஓட்டச் சொன்னார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி சத்தம். ஆனால் முள் இறங்கவில்லை, என்ஜினோ காலை வைத்ததும் சீறி எழுந்தது.

சைலன்ஸரைக் கழற்றித் தரையில் வைத்து ஆக்ஸா பிளேடால் அறுத்தார். வெளித்தகடு பெயிண்டோடு நன்றாகவே இருந்தது. உள்ளே துளையிட்ட குழாய் துருவில் அற்று, குறுக்குத் தகடு ஒன்று கழன்று பாதையை மறித்துச் சாய்ந்திருந்தது. மிச்சமிருந்த வழியில் என் சுண்டுவிரல்தான் நுழைந்தது. இன்றைய கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் தேன்கூடு உருகி அடைத்துக்கொண்டாலும் இதே லக்ஷணங்களைத்தான் காணலாம். அதை அறுத்துப் பார்க்க வேண்டாம், முன்பக்கத்து ஆக்ஸிஜன் சென்ஸரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் அழுத்தமானியைத் திருகிப் பார்த்தாலே போதும்.

புது சைலன்ஸரோடு மறுநாள் காலை ஏற்காட்டுக்குப் போனேன். ஐந்தாவது வளைவை இரண்டாவது கியரிலேயே கடந்தேன்.

கனக்காமல் குதிக்கிற வண்டியின் கதை வேறு. அது காயிலிலிருந்து தொடங்குகிறது. அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.