டாசுக்கு மறுபிறவி!

நாகர்கோவில் வடசேரி கோவில் நகைகளுக்குப் பேர் போனது. பழங்கால வேலைப்பாட்டிலேயே அங்கே புது நகை செய்கிறார்கள்.

கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது!

கம்ப்யூட்டரை இயக்கி வேலை வாங்குவது "இயங்குதளம்". 1981-ல் பிறந்த "எம்.எஸ். டாஸ்" அந்த வகை. கறுப்புத் திரையில் கட்டளையை டைப் அடிக்க வேண்டும். கடைக் கணக்கு, விளையாட்டு எல்லாம் அதில் ஓடின.

இனி விண்டோஸ்தான், டாஸ் தனியாக வராது என்ற நிலை 1994-ல் ஏற்பட்டது. டாஸ் போனால் அந்தப் புரோகிராம்களின் கதி?

ஜிம் ஹால் என்பவர் அமெரிக்காவில் இயற்பியல் படித்துக் கொண்டிருந்தார். "சரி, போகட்டும்" என்று அவர் சும்மா இருக்கவில்லை. இலவசமாக ஒரு டாசை நாமே எழுதலாம் என்று 1994 ஜுன் 29-ந் தேதி அறிவித்தார். பலர் கை கொடுத்தார்கள்.

அவர்கள் பழையதைக் காப்பி அடிக்கவில்லை. எந்தக் கட்டளைக்கு டாஸ் என்ன செய்கிறது என்று கவனித்து, அதே வேலையைச் செய்யும்படி புதிதாக எழுதினார்கள்.

12 ஆண்டு உழைப்பு! 2006-ல் "ஃப்ரீடாஸ்" முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. 2025-ல் 1.4-ம் பதிப்பு வந்தது.

பழைய விளையாட்டுப் பிரியர்களுக்குக் கொண்டாட்டம். கணக்குப் புரோகிராம்களும் பிழைத்தன. விலை குறைய வேண்டும் என்று, விண்டோசுக்குப் பதில் இதைப் போட்டே இந்தியாவில் லேப்டாப்புகள் விற்றார்கள்.

ஃப்ரீடாசுக்கு விலை? ஒரு காசு கூட இல்லை!