ஊசிக்கு முன் சில கேள்விகள்

நெஞ்சு வலியுடன் ஒருவரை அழைத்து வரும் உறவினர்கள் எங்கள்மீது வருத்தம் கொள்வது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். “வலியில் துடிக்கிறார், நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறீர்களே!” என்பார்கள். வருத்தம் இயல்பானதே. அவசரம் இல்லாத நாளில் விளக்குவது நல்லது என்பதால் இங்கே எழுதுகிறோம்.

மாரடைப்பின்போது இதயத் தசைக்கு இரத்தம் செல்லும் குழாயை இரத்தக்கட்டி அடைத்துவிடுகிறது. அடைப்பு நீடிக்க நீடிக்கத் தசை மடிகிறது. மடிந்த தசை மீள்வதில்லை. குழாய்க்குள் பலூன் செலுத்தி அடைப்பை நீக்குவதே சிறந்த முறை. ஆனால் நோயை உறுதிசெய்த 120 நிமிடங்களுக்குள் அது நடக்க வேண்டும். மேச்சேரியிலிருந்து சேலம் முப்பது கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் உள்ளது. ஊர்தி கிடைத்து, அங்கே சேர்ந்து, சிகிச்சைக் கூடம் ஆயத்தமாவதற்குள் அந்தக் கெடு கடந்துவிடலாம்.

இந்தச் சிக்கலுக்குத் தமிழகத்து இதய மருத்துவர்கள் 2012 முதல் 2014 வரை ஒரு வழியைச் சோதித்தார்கள். சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்தார்கள். அருகிலுள்ள இடத்திலேயே கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, பின்னர் ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோகிராம் செய்வது அதன் முக்கியப் பகுதி. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஊசி பழையது, ஏற்பாடுதான் புதியது. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்கட்ட மாத்திரைகள் கிடைக்கின்றன.

சிகிச்சை இவ்வாறு வீட்டருகே வரும்போது அதன் ஆபத்தும் உடன் வருகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நல்ல கட்டி, கெட்ட கட்டி என்ற வேறுபாடு தெரியாது. ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு மூளையில் இரத்தம் கசியக்கூடும். முன்பு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டதா, அண்மையில் பக்கவாதமோ தலைக்காயமோ அறுவை சிகிச்சையோ உண்டா, மலம் கறுத்துப் போகிறதா என்று கேட்பது இதனால்தான். இரு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்ப்பது சிலருக்கு விந்தையாகத் தோன்றுகிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாயின் உட்சுவர் கிழிந்தாலும் மாரடைப்பைப் போலவே வலிக்கும். கைகளுக்கிடையே அழுத்தம் பெரிதும் வேறுபடுவது அதற்கு ஓர் அறிகுறி. அந்நிலையில் இந்த ஊசி உயிரைப் பறித்துவிடும்.

எங்கள் பிரிவில் செவிலியர் இக்கேள்விகளை வாய்விட்டுப் படிப்பார். ஒரு கேள்விக்கு விடை இல்லையென்றால், மருத்துவர் எவ்வளவு மூத்தவராயினும் ஊசியை நிறுத்திவைக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. இதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்த நிமிடங்களை மிச்சப்படுத்த நாங்கள் விரும்பவில்லை. உண்மையில் பல மணி நேரம் வீணாவது வீட்டில்தான்; வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருப்பதில்.

முதல் இசிஜி இயல்பாக இருந்தாலும் சிறிது நேரம் கழித்து மீண்டும் எடுப்போம். அதை வீண்செலவு என எண்ண வேண்டாம். மாற்றம் தாமதமாகத் தெரிவதுண்டு.

வலி வந்தால் 108ஐ அழையுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் பழைய மருத்துவக் குறிப்புகளையும் கையோடு எடுத்து வாருங்கள். வலி தொடங்கிய மணி நினைவில்லாவிட்டால் ‘பால் கறக்கும்போது’, ‘இரண்டாம் ஷிப்டு தறி நிற்கும்போது’ என்று சொன்னாலும் போதும். மணிக்கணக்கை நாங்கள் போட்டுக்கொள்வோம்.