ஏ லெவலுக்குப் பின் என்ன? பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஏ லெவல் பெறுபேறுகள் வெளியானதும் இலண்டனில் உள்ள எமது வீடுகளில் தொலைபேசி ஓயாது. "என்ன ரிசல்ட்? பிள்ளை என்ன படிக்கப் போகுது?" என்று ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் கேட்பார்கள். உண்மையில் அந்தக் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி இரண்டு, மூன்று வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பல பெற்றோருக்கு இது தெரிய வரும்போது காலம் கடந்துவிடுகிறது.

எம்மில் மூத்தவர்கள் வேறொரு முறைமையில் வளர்ந்தவர்கள். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு, வெட்டுப்புள்ளி என்று ஒரேயொரு பரீட்சை பலருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தது. அந்த அனுபவத்தால்தான் டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன்ற் என்ற மூன்று சொற்களுக்குள் நாம் பாதுகாப்பைத் தேடுகிறோம். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் இங்கே வழிகள் பல. ஒவ்வொரு வழிக்கும் ஒரு தவணை உண்டு. அந்தத் தவணைகளை அறிந்து வைத்திருப்பதே பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி.

முதல் தவணை 16 வயதில் வருகிறது. இங்கிலாந்தில் 18 வயதுவரை பிள்ளைகள் ஏதாவதொரு கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும். ஜி.சி.எஸ்.ஈ முடிந்ததும் பெரும்பாலானோர் மூன்று ஏ லெவல் பாடங்களைத் தெரிவு செய்கிறார்கள். இரசாயனவியல் இல்லாமல் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. பொறியியலுக்குக் கணிதம் வேண்டும். பல இடங்களில் பௌதிகவியலும் கேட்பார்கள். ஆகவே பாடங்களைத் தெரியுமுன் விரும்பும் பட்டப்படிப்பின் நுழைவுத் தகைமைகளைப் பல்கலைக்கழக இணையத்தளங்களில் பாருங்கள். 2020இல் அறிமுகமான ரி லெவல் இன்னொரு வழி. அது மூன்று ஏ லெவலுக்குச் சமமானது. குறைந்தது 45 நாட்கள் வேலைத்தளப் பயிற்சியும் அதில் அடங்கும்.

பல்கலைக்கழக விண்ணப்பம் யூகாஸ் ஊடாகச் செல்கிறது. ஐந்து தெரிவுகள் உண்டு. மருத்துவத்துக்கு நான்கு மட்டுமே. மருத்துவம், பல்மருத்துவம், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றுக்கு ஒக்டோபர் 15 இறுதி நாள். மற்றவற்றுக்கு ஜனவரி நடுப்பகுதி. மருத்துவத்துக்கான யூகற் பரீட்சையை அதற்கு முந்திய கோடையிலேயே எழுதிவிட வேண்டும். எதிர்பார்த்த பெறுபேறு வராவிட்டால் கிளியரிங் மூலம் வெற்றிடமுள்ள படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

பட்டத்துடன் கூடிய அப்பிரண்டிஸ்ஷிப் 2015இல் தொடங்கியது. எம்மவர் வீடுகளில் அதுபற்றிய பேச்சு இன்னும் குறைவு. பிள்ளை வேலை செய்து சம்பளம் பெறும், பட்டமும் படிக்கும், கல்விக் கட்டணம் எதுவும் கட்டத் தேவையில்லை. கணினி, பொறியியல், தாதியியல் முதலிய துறைகளில் இது உண்டு. பாடசாலை முடித்தவுடன் சேர்ந்து சொலிசிற்றராக வரும் பாதையும் இருக்கிறது. "அது கைவேலை படிக்கிற ஆட்களுக்கு" என்று ஒதுக்கிவிடாதீர்கள். இடங்கள் குறைவு, போட்டி கடுமை.

கடன் என்றதும் பயப்படும் பெற்றோரும் உண்டு. இங்கிலாந்தில் 2025/26 கல்வியாண்டின் உச்சக் கட்டணம் 9,535 பவுண். 2023 ஓகஸ்ட்டுக்குப் பின் படிப்பைத் தொடங்கியவர்கள் ஆண்டு வருமானத்தில் 25,000 பவுணுக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் 9 சதவீதம் செலுத்துகிறார்கள். 30,000 பவுண் உழைப்பவருக்கு அது மாதம் சுமார் 37 பவுண். 40 வருடங்களின் பின் மிகுதி தள்ளுபடி செய்யப்படும்.

ஆனால் விசா இன்னும் தீராத குடும்பங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள் உள்நாட்டுக் கட்டணத்தில் கடனுடன் படிக்கலாம். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்குக் கடன் இல்லை; வெளிநாட்டு மாணவர் கட்டணமும் கேட்கப்படலாம். 2015இல் உச்சநீதிமன்றம் திகெரே வழக்கில் அளித்த தீர்ப்பின் பின், நீண்டகாலம் இங்கே வாழ்ந்தவர்களுக்கு ஒரு வழி திறந்தது. 18 வயதுக்குட்பட்டவர் ஏழு வருடமும், 18 வயதை எட்டியவர் தமது வாழ்நாளின் பாதியோ 20 வருடமோ இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். படிப்புத் தொடங்கும் நாளுக்கு முந்திய மூன்று வருடங்கள் சட்டபூர்வ வதிவிடமும் தேவை. சில பல்கலைக்கழகங்கள் அகதி விண்ணப்பதாரருக்கெனப் புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை பெறுபேற்று நாளில்தான் தனக்குக் கடன் கிடைக்காது என்று அறிவது பெருங்கொடுமை. பிள்ளைக்கு 16 வயதாகும்போதே சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

வழிகாட்டலுக்குப் பணம் தேவையில்லை. பாடசாலையில் தொழில் ஆலோசகர் இருப்பார். தேசிய தொழில் வழிகாட்டல் சேவையும் இலவசம். ரியூஷனுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையாவது மருந்தகத்திலோ அலுவலகத்திலோ முதியோர் இல்லத்திலோ வேலை அனுபவம் பெறப் பிள்ளைக்கு விடுங்கள். டொக்டராக விரும்பும் பிள்ளைக்கு நோயாளர்களுடன் பழகப் பிடிக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கிறதா? இந்த வாரமே ஒரு மாலை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். பதிலை முழுதாகக் கேட்டபின் தவணைகளைச் சேர்ந்தே குறித்து வையுங்கள்.